ஸ்போர்ட்ஸ் ரிம் வாங்குமுன் அதன் முதுகைப் பாருங்கள்

சிங்கப்பூரின் உபியிலோ காக்கி புக்கிட்டிலோ ஒரு டயர் கடைக்குள் நுழைந்தால் சுவர் முழுக்க ரிம் தொங்கும். ஒரே வடிவம், ஒரே மேட் கறுப்பு, ஒரே 17 அங்குலம். ஒரு செட் 650 வெள்ளி, பக்கத்தில் தொங்குவது 1,500, கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது 4,000. முன்னால் நின்று பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். காசு எங்கே போகிறது என்பது ரிம்மைத் திருப்பினால்தான் தெரியும். விற்பவர் பெரும்பாலும் திருப்பிக் காட்டமாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

முதல்முறை ரிம் மாற்றப்போகிறவர்களுக்காக எழுதியது இது. பந்தயக் கார் ஓட்டுகிறவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

1. கடைக்குப் போகுமுன் காரின் எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

"என்ன கார் சார்?" என்று கேட்டுவிட்டு "இது ஃபிட் ஆகும்" என்பார்கள். ஃபிட் ஆவது வேறு, பொருந்துவது வேறு. இந்த எண்கள் உங்கள் கையில் இருக்கட்டும்.

பிசிடி என்பது ஹப்பில், அதாவது காரில் ரிம் மாட்டும் நடுப்பகுதியில், எத்தனை போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் எவ்வளவு என்பது. ஹோண்டா வெஸல், சிவிக் இரண்டும் 5×114.3. ஜாஸ் 4×100. கோல்ஃபும் மெர்சிடிஸ் சி கிளாஸும் 5×112. இங்கேதான் முதல் பொறி. 5×112க்கும் 5×114.3க்கும் இரண்டே இரண்டு மில்லிமீட்டர்தானே என்று நட்டை இழுத்துப் பிடித்து மாட்டிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். போல்ட் ஒவ்வொன்றும் ஓரமாகச் சாய்ந்து உட்காரும். முறுக்கியதுபோல் தோன்றும், ஓட ஓடத் தளரும். அப்படி ஒருவர் சொன்னால் அந்தக் கடையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்தது நடுத்துளை. ஐந்து போல்ட் ஹோண்டா 64.1 மி.மீ, ஐந்து போல்ட் டொயோட்டா பெரும்பாலும் 60.1, மாஸ்டா 67.1, கோல்ஃப் 57.1, மெர்சிடிஸ் 66.6. எல்லாக் காருக்கும் பொதுவாக வார்க்கப்படும் ரிம்களில் துளை பெரும்பாலும் 73.1 இருக்கும். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் வேண்டும். அந்த ஹோண்டாவுக்கு என்றால் வெளிவிட்டம் 73.1, உள்விட்டம் 64.1. நான்கு வளையத்துக்கு 20, 30 வெள்ளிதான் ஆகும். அதை விட்டுவிட்டால் விரைவுச்சாலையில் 80, 90ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். நீங்கள் மூன்று தடவை பேலன்ஸிங் செய்து காசைக் கரைப்பீர்கள்.

நட்டு, போல்ட்டு. டொயோட்டா, ஹோண்டா, மாஸ்டா, மிட்சுபிஷி கார்களில் பெரும்பாலும் 12×1.5 புரி, நிசான், சுபாரு 12×1.25, ஃபோக்ஸ்வாகன், டெஸ்லா 14×1.5. புரியைவிட முக்கியம், நட்டு உட்காரும் இடத்தின் வடிவம். ஹோண்டாவின் ஒரிஜினல் நட்டு உருண்டை முகம் கொண்டது. வெளியில் வாங்கும் ரிம்மில் பெரும்பாலும் 60 பாகைக் கூம்புக் குழி. உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் போட்டால் மெல்லிய ஒரு கோட்டில் மட்டுமே தொடும். பழைய நட்டையே போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள். புது நட்டு செட்டுக்கு 40 முதல் 100 வெள்ளி ஒதுக்குங்கள். கையால் திருகும்போது 12×1.5 நட்டு குறைந்தது எட்டு முழுச் சுற்று உள்ளே போக வேண்டும், 12×1.25 என்றால் பத்து.

கடைசியாக, அச்சின் சுமை. பெரும்பாலோர் இதைக் கேட்பதே இல்லை. ஐரோப்பியக் கார்களில் கதவுத் தூணில் உள்ள தகட்டில் முன் அச்சு, பின் அச்சு என்று தனித்தனியாகக் கிலோ கணக்கு இருக்கும். பெரிய எண்ணை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு ரிம் தாங்க வேண்டிய குறைந்தபட்சச் சுமை அதுதான். தகடு இல்லாத ஜப்பானியக் காருக்குக் கையேட்டில் உள்ள மொத்த எடையில் 60 சதவீதம் ஓர் அச்சில் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,800 கிலோ என்றால் 1,080, அதில் பாதி 540. அந்தக் காருக்கு 600 கிலோவுக்குக் கீழ் ரிம் பார்க்க வேண்டாம். ஏழு பேர் ஏறும் வண்டி, மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு தடவை கணக்குப் போடுங்கள். பேட்டரியின் எடை ரிம்மின் தலையில்தான் வந்து விழுகிறது. சின்னக் காருக்கென்று வார்த்த 5×114.3 ரிம் மின்சாரக் காரின் போல்ட்டிலும் அழகாக உட்கார்ந்துவிடும். தாங்குமா என்பது வேறு கேள்வி.

2. விட்டத்தில் பேராசை வேண்டாம்

ரிம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் சிறிதாகும். சக்கரத்தின் மொத்த விட்டம் மட்டும் மாறக்கூடாது. மாறினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், ஏபிஎஸ் குழம்பும். கணக்கு எளிது: டயர் அகலம் × பக்கச்சுவர் சதவீதம் × 2, அதோடு ரிம் விட்டம் × 25.4. ஒரிஜினல் 195/65 ஆர்15 (அகலம் 195 மி.மீ, பக்கச்சுவர் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம்) என்றால் 634.5 மி.மீ. 17க்குப் போனால் 225/45 ஆர்17 சரியாக 634.3. 205/50 ஆர்17 என்றால் 636.8, இதுவும் சரி. 215/45 ஆர்17 போட்டால் 625.3, ஒன்றரை சதவீதம் குறைவு, ஓட்டலாம், ஆனால் வேறு சிக்கல் உண்டு. சாதாரண 215/45 ஆர்17இன் சுமைக் குறியீடு 87, அதாவது ஒரு டயருக்கு 545 கிலோ. ஒரிஜினல் 195/65 ஆர்15இல் அது 91, 615 கிலோ. பார்க்கப் பெரிய டயர், தாங்குவது குறைவு. அதே அளவில் எக்ஸ்ட்ரா லோட் வகை 91இல் கிடைக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரிஜினலைவிட ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் போனால் அழகுக்கு நீங்கள் கொடுக்கும் விலை டயர் மாற்றும்போதெல்லாம் வந்துகொண்டே இருக்கும். இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூர்ச் சாலை வழுவழுப்பானது. வீவக அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்தின் வளைவில் உள்ள ஓரக்கல்தான் இங்கே ரிம்முக்கு எதிரி. தைப்பூசத்துக்குப் பத்துமலை, தீபாவளிக்கு ஈப்போ, பினாங்கு என்று பாலம் தாண்டும் குடும்பம் என்றால் கதையே வேறு. நெடுஞ்சாலையில் 110இல், மழையில், தண்ணீர் மூடிய குழி ஒன்று போதும். 40, 35 பக்கச்சுவர் டயருக்குள் காற்று மெத்தை என்று சொல்ல ஒன்றுமில்லை. அடி நேராக ரிம்மில் விழும். அடிக்கடி மலேசியா போகிறவர்கள் 45க்குக் கீழே இறங்காதீர்கள்.

3. ஆஃப்செட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். ரிம்மில் இடி (ET) என்ற எழுத்துகளோடு வரும். ஒரிஜினல் 15×6 (விட்டம்×அகலம், அங்குலத்தில்) இடி45, புதியது 17×7.5 இடி35 என்று வைத்துக்கொள்வோம். அகலத்தில் பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழியுங்கள். பழையது 76.2 − 45 = 31.2. புதியது 95.25 − 35 = 60.25. ஆக, சக்கரத்தின் வெளிவிளிம்பு 29 மி.மீ வெளியே வந்துவிடும். பெரும்பாலான குடும்பக் கார்களில் அது மட்கார்டைத் தாண்டும். அதே காருக்கு 17×7 இடி45 என்றால் வெளியே 12.7, உள்ளே 12.7. சஸ்பென்ஷன் பக்கம் ஒரு விரல் இடம் இருந்தால் இது நிம்மதியாக உட்காரும்.

ரிம் மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் முன்அனுமதி வாங்கத் தேவையில்லை. ஆனால் ரிம்மோ டயரோ மட்கார்டுக்கு வெளியே துருத்தக்கூடாது. கார் மூன்று வயதைத் தாண்டினால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்தைத் தாண்டினால் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகும். துருத்தும் சக்கரத்தோடு போனால் திரும்பி வந்து பழைய ரிம்மை மாட்டிக்கொண்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான். "கொஞ்சம் வெளியே வந்தால் கெத்தாக இருக்கும்" என்பவர் அந்த வரிசையில் உங்களோடு நிற்கப்போவதில்லை. ஆஃப்செட் தவறிய ரிம்மை ஸ்பேசர் வைத்துச் சரிக்கட்டுவதும் வேண்டாம். சரியான ஆஃப்செட்டில் வேறு ரிம் தேடுங்கள்.

4. எப்படிச் செய்தது என்று கேளுங்கள், விலை அதில்தான் இருக்கிறது

மூன்றே வகை.

வார்ப்பு ரிம்: உருகிய அலுமினியத்தை அச்சில் ஊற்றுவது. சும்மா ஊற்றினால் உள்ளே காற்றுக்குமிழ் நிற்கும். குமிழ் நின்ற இடம் பலவீனம், அதை ஈடுகட்ட உலோகத்தைத் தடிமனாக்க வேண்டும், ரிம் கனக்கும். கீழிருந்து அழுத்தம் கொடுத்து உலோகத்தை மேலே ஏற்றும் குறைஅழுத்த வார்ப்பில் குமிழ் குறையும். நல்ல வார்ப்பு ரிம்கள் இப்படித்தான் வருகின்றன. வார்த்த பிறகு டி6 என்னும் வெப்பப் பதப்படுத்தல் செய்தார்களா என்பதும் முக்கியம். 17 அங்குல நான்கு ரிம் சுமார் 500 முதல் 900 வெள்ளிவரை.

ஃப்ளோ ஃபார்ம்டு: முகத்தை வார்த்துவிட்டு, டயர் உட்காரும் உருளையான பேரல் பகுதியைச் சூடாக்கிச் சுழலவிட்டு உருளைகளால் அழுத்தி நீட்டுவது. பேரல் மெலியும், அதே நேரம் உறுதியாகும். ஜப்பானிய நிறுவனமான என்கேய் இதை மேட் (MAT) என்ற பெயரில் செய்கிறது. ஸ்போக்குகள் இன்னும் வார்ப்புதான் என்பதை மறக்க வேண்டாம். விலை சுமார் 900 முதல் 1,700.

ஃபோர்ஜ்டு: கட்டி அலுமினியத்தைப் பெரும் அழுத்தத்தில் அமுக்கிச் செய்வது. குமிழுக்கே இடமில்லை. இலேசு, பலம். பலத்த அடி விழுந்தால் பிளவுபடுவதைவிட வளையத்தான் பார்க்கும். ரேஸ் (Rays), பிபிஎஸ் ஜப்பான் போன்ற தயாரிப்பாளர்களின் 17, 18 அங்குலச் செட் 3,000 வெள்ளியில் தொடங்கும். ரேஸின் டிஇ37 1996இல் வந்தபோது 15×6 அளவில் 3.7 கிலோ, பெயரில் உள்ள 37 அந்த எடைதான். ரிம் உலகில் எடைக்கு என்ன மரியாதை என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

இப்போது பேரம். ஒரிஜினல் 17 அங்குல ரிம் 10.5 கிலோ, ஃப்ளோ ஃபார்ம்டு 8.3, ஃபோர்ஜ்டு 7.2 என்று ஒரு மாதிரிக் கணக்கு. 1,400 வெள்ளிக்கு நான்கு சக்கரத்தில் 8.8 கிலோ குறைகிறது. 4,000 கொடுத்தால் 13.2 கிலோ. கூடுதலாகக் குறைந்த 4.4 கிலோவுக்கு 2,600 வெள்ளி, அதாவது கிலோவுக்கு ஏறக்குறைய 590. அலுவலகம், பள்ளிக்கூடம், தேக்கா, ஞாயிற்றுக்கிழமை கோயில் என்று ஓடும் காருக்கு அந்த 4.4 கிலோ தெரியவே தெரியாது. சோதனை முத்திரையுள்ள ஃப்ளோ ஃபார்ம்டு ரிம்தான் இங்கே பலருக்கும் நியாயமான விலை என்பது என் கணிப்பு. ஃபோர்ஜ்டுக்கு ஒரே ஒரு பண வாதம் உண்டு: மறுவிற்பனை. பெயருள்ள ஜப்பானிய ஃபோர்ஜ்டு ரிம் காரைவிட நீண்டநாள் வாழும், சிஓஇ (காரை வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) முடிந்த பிறகும் நல்ல விலைக்குப் போகும், அதுவும் 5×114.3 என்றால். 650 வெள்ளி ரிம்மை யாரும் திரும்ப வாங்கமாட்டார்கள். சிஓஇ இன்னும் இரண்டே ஆண்டு என்றால் புது ஃபோர்ஜ்டு ரிம் வேண்டாம்.

பெயரில்லாத "கஸ்டம் ஃபோர்ஜ்டு" பற்றி ஒரு வார்த்தை. கட்டி உண்மையாகவே ஃபோர்ஜ்டாக இருக்கலாம். ஆனால் அதிலிருந்து உங்களுக்குப் பிடித்த வடிவத்தைக் குடையும்போது எங்கே எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதில்தான் பலம் இருக்கிறது. "அந்த வடிவத்துக்கு, அந்த அளவுக்கு, சோதனை அறிக்கை இருக்கிறதா?" என்று கேளுங்கள். கணினித் திரையில் வண்ணம் பூசிய படம் காட்டினால் அது கணிப்பு, சோதனை இல்லை.

5. திருப்பிப் பாருங்கள்

ரிம்மைத் தரையில் குப்புறப் போடச் சொல்லுங்கள், கீழே ஓர் அட்டையோ துணியோ இருக்கட்டும். போனின் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்து அடித்தால்தான் குழிகளின் நிழல் விழும்.

ஸ்போக் ஒன்றின் பின்னால், போல்ட் துளைகளுக்கு இடையில், எழுத்துகள் இருக்கும். அளவு, ஆஃப்செட், அதிகபட்சச் சுமை, உற்பத்தி மாதம். பிறகு முத்திரைகள். ஜேடபிள்யூஎல் (JWL) என்பது ஜப்பானின் இலேசு உலோக ரிம் தரம். மூன்று சோதனை அதில்: வளைவில் திரும்பும்போது விழும் விசையைப் போல ரிம்மைச் சுழற்றி வளைப்பது, டயரோடு உருளையில் அழுத்தி ஓடவிடுவது, 13 பாகை சாய்வில் எடையைப் போட்டு மோதவிடுவது. ஆனால் இந்த முத்திரையைத் தயாரிப்பாளர் தானே சோதித்து தானே இட்டுக்கொள்ளலாம். அதோடு விஐஏ (VIA) முத்திரையும் இருந்தால் தனி அமைப்பு ஒன்று சோதித்துப் பதிவுசெய்திருக்கிறது என்று பொருள். ஜெர்மன் சந்தைக்கான ரிம்மில் அந்நாட்டு வாகன ஆணையத்தின் கேபிஏ (KBA) எண் இருக்கும். ஒன்றுமே இல்லாத ரிம்மை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

எழுத்து வார்ப்பிலேயே வந்ததா, பிறகு ஸ்டிக்கராக ஒட்டியதா? நகத்தால் ஓரத்தைத் தடவுங்கள். உலோகத்தோடு எழும்பி, பெயின்ட் அதன்மேல் படிந்திருந்தால் வார்ப்பு. சுமை எண்ணே இல்லாமல் ஜேடபிள்யூஎல் ஸ்டிக்கர் மட்டும் பளபளத்தால் சந்தேகப்படுங்கள்.

ஸ்போக்கின் பின்புறத்தில் ஊசிமுனைக் குழிகள் கூட்டமாக இருந்தால் அவை குமிழின் வாய்கள். நட்டுக் குழிக்குள் விரலை விட்டுப் பாருங்கள். கடைந்த உலோகம் வழுவழுவென்று, பெயின்ட் இல்லாமல் இருக்க வேண்டும். அங்கே தடித்த பெயின்ட் இருந்தால், நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் அது நசுங்கி நட்டுத் தளரும். ஹப்பில் ஒட்டும் முகமும் அப்படியே தட்டையாக, சுத்தமாக இருக்க வேண்டும்.

வடிவம் காப்பி என்பதற்காக மட்டும் ஒரு ரிம்மை ஒதுக்க வேண்டியதில்லை. பிலிப்பீன்ஸின் ரோட்டா போல, ஜப்பானிய ரிம்களின் சாயலில் இருந்தாலும் தன் பெயரையே போட்டு விற்கும் தயாரிப்புகள் உண்டு. பயப்பட வேண்டியது அடுத்தவன் பெயரைப் போட்டுக்கொண்டு வருவதை. 4,000 வெள்ளி ரிம்மின் பெயர் 900க்குக் கிடைத்தால் அது அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பே இல்லை.

6. தொங்கு தராசை எடுத்துப் போங்கள்

திருச்சி விமானத்துக்குப் பெட்டி எடை பார்ப்பதற்கென்று நம் வீட்டில் எல்லாம் ஒரு தொங்கு தராசு கிடக்கும். ரிம் வாங்கப் போகும்போது அதைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்போக் இடுக்கில் பட்டையைச் சுற்றித் தூக்கினால் எடை தெரிந்துவிடும். ஃபோர்ஜ்டு என்று சொல்லி 17×7.5 ரிம் 10 கிலோ காட்டினால் சொன்னதைச் சந்தேகப்படுங்கள். நான்கையும் நிறுங்கள். ஒரே செட்டில் ஒன்றுக்கொன்று கால் கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் வார்ப்பில் கட்டுப்பாடு இல்லை.

மறுபக்கம், அளவுக்கு மீறி இலேசாக இருக்கும் மலிவு வார்ப்பு ரிம் இன்னும் மோசம். இலேசுக்கு நல்ல உலோகமும் நல்ல செய்முறையும் வேண்டும். இரண்டும் இல்லாமல் எடை குறைகிறது என்றால் தடிமனைத்தான் குறைத்திருக்கிறார்கள்.

7. பலகையில் உள்ளது முழு விலை இல்லை

பலகையில் 1,400 என்று இருந்தால் கேளுங்கள்: 9 சதவீதப் பொருள் சேவை வரி சேர்ந்ததா? நட்டு, ஹப் ரிங், வால்வு, மாட்டுக்கூலி, பேலன்ஸிங்? அலைன்மென்ட் தனியாக 50 முதல் 80 வெள்ளி ஆகலாம். காற்றழுத்த சென்சார் உள்ள கார் என்றால் பழைய சென்சாரைக் கழற்றி மாற்றுவார்களா, புதிதாக வாங்க வேண்டுமா? இவற்றையெல்லாம் கூட்டினால் 1,400 எளிதில் 1,700ஐத் தாண்டும்.

ரிம்மும் டயரும் சேர்ந்த பேக்கேஜில் வழக்கமான தந்திரம் பழைய டயர். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இரண்டு ஆண்டுக்கு மேல் கடையில் கிடந்த டயர் என்றால் விலை குறைய வேண்டும், அல்லது வேறு டயர்.

பழைய ரிம்மை டிரேட்-இன் செய்தால் 200 வெள்ளி தள்ளுபடி என்பார்கள். கொடுக்காதீர்கள். காரை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது ஒரிஜினல் ரிம் எங்கே என்றுதான்.

8. எங்கே வாங்குவது

உள்ளூர்க் கடையில் விலை கூடுதல், ஆனால் பழுதென்றால் போய் நிற்க ஓர் இடம் உண்டு. 2012 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள லெமன் சட்டப்படி, வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. தனியாள் ஒருவர் இன்னொருவருக்கு விற்றால் இது பொருந்தாது. பேசித் தீராவிட்டால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளிவரை விசாரிக்கும். விவகாரம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

ஜோகூர் பாருவில் மலிவு, மறுக்கவில்லை. வரியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் வரிச்சலுகை 100 வெள்ளிவரைதான்; 48 மணி நேரமோ அதற்கு மேலோ என்றால் 500. மீதிக்கு 9 சதவீதம். வேலை அனுமதி, மாணவர் அனுமதி, நீண்டகால அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது. ஊரிலிருந்து வந்து புதிதாகக் கார் எடுத்தவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. காரில் மாட்டிக்கொண்டு வந்தால் பொருளாகாது என்ற நினைப்பும் வேண்டாம். ரசீதை வைத்துக்கொண்டு சுங்கத்துறையின் இணையச் சேவையில் முன்கூட்டியே அறிவித்துக் கட்டிவிடுங்கள். ரிம் பிளந்தால் அதே கடைக்குப் பாலம் தாண்டிப் போக வேண்டும் என்பதையும் விலையில் சேருங்கள்.

ஜப்பானிலிருந்து நேரடியாக வரவழைத்தால் ரிம் விலை, கப்பல் கட்டணம், காப்பீடு மூன்றும் சேர்ந்த தொகைக்கு 9 சதவீத வரி. 3,000க்கு ரிம், 500க்குக் கப்பலும் காப்பீடும் என்றால் வரி 315. கையிருப்பில் இல்லாமல் ஆர்டரின்பேரில் செய்யும் ரிம்முக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். அதுவரை டயர் வாங்கி வைக்காதீர்கள், டயருக்கு வயதாகிவிடும்.

பழைய ரிம் வாங்குவது தவறில்லை, நல்ல ஃபோர்ஜ்டு ரிம்மைப் பாதி விலையில் பிடிக்க அதுதான் வழி. ஆனால் விற்பவரை ஒரு டயர் கடைக்கு வரச்சொல்லுங்கள். பேலன்ஸிங் மெஷினில் வெறும் ரிம்மை ஏற்றிச் சுழலவிட்டு, விளிம்பின் ஓரத்தில் ஒரு பேனா முனையை அசையாமல் பிடித்துப் பாருங்கள். இடைவெளி மாறிமாறி வந்தால் வளைந்திருக்கிறது. புது ரிம் அரை மி.மீக்குள் ஓடும், ஒரு மி.மீ தாண்டியதை விட்டுவிடுங்கள். பேரலின் உட்புறத்தில் வெல்டிங் தழும்பு, ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ட், இரண்டும் எச்சரிக்கை. ஓரக்கல் உரசிய கீறல் வெறும் தோற்றக் குறை, அதைக் காட்டி விலையைக் குறையுங்கள். விரிசலை ஒட்டவைத்த ரிம்மை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

9. காகிதங்கள்

முன்பணம் கொடுக்குமுன் இன்வாய்ஸில் இவை இருக்கட்டும்: தயாரிப்பாளர் பெயர், மாடல், விட்டம்×அகலம், பிசிடி, ஆஃப்செட், நடுத்துளை, தாங்குசுமை, செய்முறை, வரும் தேதி, பொருந்தாவிட்டால் முன்பணம் திரும்ப வருமா என்பது. "17 அங்குல ஸ்போர்ட்ஸ் ரிம், 1 செட்" என்று ஒரே வரியில் எழுதிய ரசீதை வைத்துக்கொண்டு யாரிடமும் ஒன்றும் வாதாட முடியாது. உத்தரவாதம் பெயின்டுக்கா, உலோகத்துக்கா என்றும் எழுதி வாங்குங்கள். வாயால் "லைஃப் டைம்" என்பது பெரும்பாலும் உலோகத்துக்குத்தான், பெயின்டுக்கு ஓராண்டு.

காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் "ஓகே சார்" என்பது விபத்துக்குப் பிறகு யாருக்கும் நினைவிருக்காது. புது ரிம்மின் மதிப்பு இழப்பீட்டில் சேருமா என்று தனியாகக் கேளுங்கள். வாடகைக் காரில் கிராப் ஓட்டுபவர்கள் ஒப்பந்தத்தைப் பார்க்காமல் எதையும் கழற்ற வேண்டாம்.

10. மாட்டும் நாள்

வார நாள் காலை போங்கள். நீண்ட வார இறுதிக்கு முன்னும் சீனப் புத்தாண்டுக்கு முன்னும் எல்லாருமே மலேசியா கிளம்புவார்கள், கடையில் அவசரம் இருக்கும், அவசரத்தில்தான் தவறு நடக்கும்.

டயரை ஏற்றுமுன் வெறும் ரிம்மை முன்சக்கரத்தில் மாட்டி, பிரேக் காலிப்பரில் உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். டயர் ஏறிவிட்டால் "பயன்படுத்திய பொருள்" என்று திரும்ப வாங்க மறுப்பார்கள். பேலன்ஸிங்கில் ஒரு சக்கரத்துக்கு 80, 100 கிராம் ஈயம் கேட்டால் டயரை ரிம்மில் அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் அதே இடத்தில் கேட்டால் குறை ரிம்மில்.

ஏர் கன்னால் நட்டை இறுக்குவதை அனுமதிக்காதீர்கள். கையால் புரியைப் பிடிக்கவைத்து, நட்சத்திர வரிசையில் சற்று இறுக்கி, காரை இறக்கிய பிறகு டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) முடிக்க வேண்டும். டொயோட்டா பெரும்பாலும் 103 நியூட்டன் மீட்டர், ஹோண்டா 108, கோல்ஃப் 120. உங்கள் கையேட்டைப் பாருங்கள். பிறகு ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பின்னிருக்கையில் மூன்று பேரை உட்காரவைத்து, வேகத்தடை ஒன்றில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். மட்கார்டில் உரசும் சத்தம் காலி வண்டியில் கேட்காது.

50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி டார்க் ரென்ச் வைக்க வேண்டும். கடைக்காரர் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள். அமிலம் கலந்த ரிம் கிளீனரும் வேண்டாம், கார் ஷாம்பு போதும்.

கழற்றிய ரிம்களை வீட்டு வெளி நடைபாதையில் அடுக்காதீர்கள், நகர மன்றம் எடுத்துக்கொண்டு போய்விடும். கழுவிக் காயவைத்து, வீட்டுப் பாதுகாப்பறையில் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள், இடையில் அட்டை வைத்து. ஒரிஜினல் நட்டுகளை ஒரு ஜிப் பையில் போட்டு, மேலே காரின் எண்ணை எழுதி, ரிம்மின் நடுத்துளைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். ரிம் இருந்து நட்டுக் கிடைக்காமல் பரிசோதனை நாளன்று காலை அலைகிறவர்கள் நிறைய.